இன்னார் மகன்

முதல் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தவர் என் பெயரைக் கேட்கவில்லை. "உன் அப்பா பேரு என்ன?" என்று கேட்டார்.

ஆக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பே பகுதியில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டுக்குப் பின்பக்கம் சரிவு. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் மண் இறங்கி வேலியைத் தள்ளிக்கொண்டிருந்தது. தடுப்புச் சுவர் கட்ட ஆள் வேண்டும் என்று கோயிலில் விசாரித்தபோது, நம்ம தமிழ் ஆள்தான், ஃபிஜிக்காரர், வேலை சுத்தமாக இருக்கும் என்று நம்பர் கொடுத்தார்கள். அறுபதைத் தாண்டியவர் வந்தார். பூட்ஸைக் கழற்றி வாசலில் ஜோடியாக வைத்துவிட்டு, அளவு நாடாவும் கையுமாக நின்றார். சுவரின் நீளம் என்ன, உயரம் என்ன என்று கேட்பார் என நான் காத்திருந்தேன். அவர் என் அப்பா பெயருக்காகக் காத்திருந்தார்.

"ஏகாம்பரம்."

"எந்த ஊரு?"

"ஆரணி."

"ஏகாம்பரம் பொண்ணு" என்று ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "டீக்கே, சரி. சுவரு எங்க வரணும், காட்டு."

எனக்கு உள்ளே சுர்ரென்றது. நம் ஊரில் அப்பா பெயரும் சொந்த ஊரும் கேட்பவர்கள் அடுத்து எங்கே வந்து நிற்பார்கள் என்பது நமக்குத் தெரியும். நேராகக் கேட்க வெட்கப்பட்டுச் சுற்றி வருவார்கள். நான் அந்த அடுத்த கேள்விக்குச் சூடான பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு ஒரு வாரம் காத்திருந்தேன். அது வரவே இல்லை. அவரிடம் அடுத்த கேள்வி என்று ஒன்று கிடையாது. அப்பா பெயர் தெரிந்தால் போதும், ஆளை முழுக்கத் தெரிந்துகொண்டதுபோல் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

அப்பா பெயரோடு எனக்கு ஏற்கெனவே ஒரு தகராறு உண்டு. ஊரில் இருந்தவரை அது என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக அடக்கமாக உட்கார்ந்திருந்தது. பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுதினார்கள். விரித்தது குடும்பப் பெயராகிவிட்டது. இங்கே கிளினிக்கில் நர்ஸ் வந்து "ஏகாம்பரம்" என்று கூப்பிட்டால் நான் எழுந்து போக வேண்டும். பேங்கிலிருந்து ஃபோன் செய்பவன் "ஹாய் ஏகா" என்கிறான். ஆரணியில் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் மனிதரை ஆக்லாந்தில் ஆளாளுக்கு இப்படிக் கூப்பிட்டால் எரிச்சல் வராமல் என்ன செய்யும். இதைச் சொல்லி, சுவர் கட்ட வந்தவரிடம் அலுத்துக்கொண்டேன். அவருக்குப் புரியவே இல்லை.

"அப்பன் பேரைத்தானே கூப்பிடறான். நல்லதுதானே" என்றார்.

அவர் தமிழில் மரியாதைப் பன்மை கிடையாது. கடவுளுக்கும் நீ, கவுன்சில் இன்ஸ்பெக்டருக்கும் நீ. கரும்புக் காட்டில் அம்மா பேசக் கேட்டதுதான் அவருடைய மொத்தத் தமிழும். பிள்ளையைக் கூப்பிடும் தமிழ் அது. பெரிய மனிதர்களிடம் பேசும் தமிழ் ஒன்று தனியாக இருப்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஊடே ஃபிஜி இந்தி வரும். பள்ளிக்கூடத்தில் இந்தியும் இங்கிலீஷும் படித்தார். தமிழில் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. பக்குரங்காவில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் வீட்டுக்குப் படிக்கட்டு கட்டிக் கொடுத்த கதையை என்னிடம் மூன்று தடவையாவது சொல்லியிருப்பார். "எதைக் கேட்டாலும் ஓம், ஓம்ங்கறான். ரெண்டு நாள் சாமியாருன்னு நெனச்சு நான் பீடியே குடிக்கல" என்பார்.

என்னிடம் மட்டுமில்லை, எல்லோரிடமும் அதே கேள்விதான். பக்கத்து வீட்டுக் கொரியப் பல் டாக்டர் திடுக்கிட்டுப்போய்த் தன் அப்பா பெயரைச் சொன்னார். பார்சல் கொண்டுவரும் சமோவாப் பையன் சிரித்துக்கொண்டே சொன்னான். அன்றிலிருந்து பார்சல் வந்தால், "சியோனே மகன் வந்துட்டுப் போனான்" என்பார். சுவரைப் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் இந்த நாட்டின் பூர்வகுடியான மாவோரி. அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, அவர்கள் வழக்கப்படி அப்பா, தாத்தா, அவர்களுடைய மலை, அவர்களுடைய ஆறு என்று நிதானமாகச் சொல்லி முடித்தார். அன்று முழுக்க இவருக்குச் சந்தோஷம். "கேட்டா இப்படிச் சொல்லணும், பாத்தியா" என்றார் என்னிடம்.

அவர் காலமாகி மூன்று வருஷமாகிறது. சுவர் இன்றுவரை ஓர் அங்குலம்கூட அசையவில்லை. விரி என்ற பகுதியில் உள்ள கல் யார்டிலிருந்து கறுப்பு எரிமலைக் கல் வரவழைத்து, ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வைப்பார். கல்லுக்கு முகம் உண்டாம். முகத்தை மண்ணுக்குள் திருப்பி வைத்தாலும் சுவர் நிற்குமாம், ஆனால் அது அந்தக் கல்லுக்குச் செய்யும் மரியாதை இல்லையாம். மனிதர்களுக்குத் தராத மரியாதைப் பன்மையை இவர் கல்லுக்குத் தருகிறாரே என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, சமையலறைக் கதவருகே சாக்ஸ் காலோடு வந்து நின்றார். தன் ஸ்வெட்டரைக் கழற்றி எதையோ சுற்றிப் பிடித்திருந்தார்.

"தங்கச்சி, இதைப் படி."

"என்னண்ணா இது?"

"நம்ம எழுத்தா பாரு."

ஒன்றரைச் சாண் நீளமுள்ள பழுப்புக் கல். இரண்டு முனையும் உடைந்திருந்தது. கராஜுக்குப் பின்னால் அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்ததாம். எடுத்தவுடனேயே இது இந்த ஊர்க் கல் இல்லை என்று தெரிந்துவிட்டது, இங்கே கிடைப்பதெல்லாம் கறுப்பு, ஓட்டை ஓட்டையாக இருக்கும் என்றார். கல்லின் ஒரு விளிம்பில் வரிசையாகக் கீறல்கள். நான் பார்த்தேன், சிரித்துவிட்டேன்.

"அண்ணா, இது தமிழும் இல்ல, ஒண்ணும் இல்ல. யாரோ கத்தி தீட்டியிருக்காங்க."

கோயில் பலகையில் தமிழ் வட்ட வட்டமாக இருப்பதை அவர் பார்த்திருக்கிறார். ஆனால் உளி வைத்துக் கல்லில் வெட்டினால் வட்டம் லேசில் வராது, அதனால் நம் ஆட்கள் அந்தக் காலத்தில் கோடாக மாற்றிக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியதாம். கல் வேலை செய்கிற, தமிழ் படிக்கத் தெரியாத ஒருவருக்குத்தான் இப்படித் தோன்றும். நான் சிரித்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்லை மேஜையில் வைத்து, விளிம்பில் விரலை ஓட்டிக் காட்டினார்.

"இங்க ஒரே ஒரு சாய்ஞ்ச கோடு. அப்புறம் ஒரு சின்ன வெட்டு. அப்புறம் இந்தப் பக்கமா அஞ்சு கோடு. அப்புறம் முனையிலேயே அஞ்சு வெட்டு. கத்தி தீட்டறவன் எண்ணித் தீட்டுவானா?"

ஃபோனில் நாலைந்து படம் எடுத்து, பல்கலைக்கழகத்தில் யாருக்கு அனுப்புவது என்று தேடி ஒருவருக்கு அனுப்பினேன். வீட்டை எங்களுக்கு விற்ற கிழவரின் பேத்திக்கும் ஃபோன் செய்தேன். "ஓ, அதுவா, தாத்தா கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தது. அவருடைய அப்பா அயர்லாந்திலிருந்து கப்பலில் வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தாராம்" என்றாள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரத்தில் நான் அனுப்பிய படம் சுற்றிச் சுற்றி அயர்லாந்தில் ஒரு பேராசிரியரை எட்டி, அந்த அம்மாள் எனக்கே எழுதினார். இது ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்து. கல்லின் விளிம்பைத் தண்டுபோல் வைத்துக்கொண்டு, அதன் இரு பக்கமும் கோடு வெட்டி எழுதுவார்கள். ஆயிரத்து நானூறு, ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தையதாக இருக்கலாம். அநேகமாக இறந்துபோன ஒருவரின் பெயரும் அவருடைய தகப்பன் பெயரும் இருந்திருக்கும். இரண்டும் உடைந்த பகுதிகளோடு போய்விட்டன. நடுவில் இருந்த ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருக்கிறது. அதன் பொருள், மகன்.

இதை அவரிடம் வாசித்துச் சொன்னேன். கரணையைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

"யாரு மகன்?"

"தெரியாதுண்ணா. அப்பா பேர் இருந்த பக்கமும் உடைஞ்சு போச்சு, பிள்ளை பேர் இருந்த பக்கமும் உடைஞ்சு போச்சு."

"மகன்னு மட்டும் இருக்கு."

"ஆமா."

மறுநாள் சுவர் வேலை நின்றது. காலையில் வந்தார், தோண்டினார், சாயங்காலம் போனார். அஸ்திவாரம் முடிந்த இடத்துக்கு அப்பால், எலுமிச்சை மரத்தடியில், துணி காயப்போடும் கம்பி வரைக்கும் தோண்டினார். இந்த ஊர்க் களிமண் மழைக்காலத்தில் மண்வெட்டியை விடாது. அவர் விடவில்லை. பெட்டிக்குள் அடங்குவதற்காகக் கல்லை உடைத்திருப்பார்கள், மிச்சத்தை இன்னொரு பெட்டியில் கொண்டுவந்திருப்பார்கள், இங்கேதான் எங்கோ கிடக்கும் என்பது அவர் கணக்கு. ஒரு டீஸ்பூன் கிடைத்தது. பீங்கான் துண்டுகள் கிடைத்தன. ஒரு பொம்மையின் கை கிடைத்தது. எல்லாவற்றையும் கழுவி வேலிக் கட்டையில் வரிசையாக வைத்திருந்தார்.

நாலாவது நாள் எனக்குப் பொறுக்கவில்லை. எலுமிச்சை மரம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. வெளியே போய், "அண்ணா, நான் உங்களைச் சுவர் கட்டத்தான் கூப்பிட்டேன். தோட்டத்தையே புரட்டிப் போட்டுட்டீங்க. எவனோ ஒருத்தன் செத்து ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. அவனோட அப்பன் பேரு தெரிஞ்சு உங்களுக்கு என்ன ஆகப்போகுது?" என்று கேட்டேன். கேட்ட குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கையிலிருந்த சேற்றை உரித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

அவருக்கு ஒரு மகன் இருந்தான். ஒரே பிள்ளை. தாய் சின்ன வயதிலேயே போய்விட்டாள், இவர்தான் வளர்த்தார். கல் வேலை, கான்கிரீட் வேலை எல்லாம் கூட வைத்துக்கொண்டு கற்றுக் கொடுத்தார். ஃபிஜியில் அவர்கள் குடும்பத்திலும் நம்மைப் போலத்தான், அப்பாவின் பெயர்தான் பிள்ளைக்குக் கடைசிப் பெயர். மகன் பிரிஸ்பேன் போய், அங்கே ஒரு பெண்ணைக் கட்டி, அவள் குடும்பப் பெயரைத் தன் பெயராக மாற்றிக்கொண்டான். வேலைக்கு மனுப் போட்டால் பெயரைப் பார்த்தே ஒதுக்குகிறார்கள், வாயில் நுழையவில்லை என்கிறார்கள் என்று ஃபோனில் காரணம் சொன்னான்.

"வேற வீட்டில பேரை மாத்தினா தாத்தா பேரு போகும், ஊரு பேரு போகும். எங்க வீட்டில போனது என் பேரு" என்றார். "அப்ப உனக்கு அப்பன் இல்லைன்னு சொல்லி வெச்சிட்டேன்."

மூன்று வருஷம் பேசவில்லை. மகன் கூப்பிட்டான், இவர் எடுக்கவில்லை. பிறந்தநாளைக்கு, தீபாவளிக்கு, இரண்டாவது பெண் குழந்தை பிறந்தபோது என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஃபோன் அடித்து ஓயும்வரை இவர் பார்த்துக்கொண்டிருப்பாராம். கடைசியில் ஒருநாள் மருமகள் கூப்பிட்டாள். அவள் நம்பர் தெரியாததால் எடுத்துவிட்டார். வேலை இடத்தில் சாரம் சரிந்துவிட்டது என்றாள்.

"போனேன். சர்ச்சில வெச்சிருந்தாங்க. வாசல்ல ஒரு காகிதம் குடுத்தாங்க, அவன் படம் போட்டது. அவ புருஷன்னு போட்டிருந்தது. ரெண்டு பொண்ணுங்களுக்கு அப்பான்னு போட்டிருந்தது. யாரு மகன்னு போடல. நான்தானே அப்பன் இல்லைன்னு சொன்னேன், அவ எப்படிப் போடுவா. பின்னாடி வரிசையில உக்காந்தேன். பக்கத்தில ஒரு ஆஸ்திரேலியாக்காரன். நல்ல மனுஷன். இவன் உனக்கு எப்படிப் பழக்கம்னு கேட்டான்."

கையில் மிஞ்சியிருந்த சேற்றை உரித்து எறிந்தார்.

"ஒண்ணா வேலை செஞ்சோம்னு சொன்னேன் தங்கச்சி."

எனக்கு அழுகை வந்தது, அவருக்கு வரவில்லை. அதற்கு முந்தி ஒருவரிடமும் அப்பா பெயர் கேட்டதில்லை, அந்தச் சர்ச்சிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் வாய் தானாகக் கேட்க ஆரம்பித்தது என்றார். பிறகு எழுந்துபோய் எலுமிச்சை மரத்தை நிமிர்த்தி, மண்ணை மிதித்துவிட்டு, சுவர் வேலைக்குத் திரும்பினார். கல்லை நான் சமையலறை அலமாரியில் வைத்தேன். பிறகு அது பெட்டியில் அடைபட்டு அயர்லாந்துக்கே திரும்பிப் போனது.

அடுத்த திங்கள்கிழமை அவர் தன் ஃபோனை என்னிடம் நீட்டினார். மருமகள் மெசேஜ் அனுப்பியிருந்தாள். வருஷம் திரும்பப்போகிறது, அஸ்தி வைத்த சுவரில் பித்தளைத் தகடு பதிக்கிறோம், வர முடிந்தால் வாருங்கள் என்று மூன்றே வரி.

"அந்தத் தகட்டுல என் பேரு போடுவாளான்னு கேக்கணும். இன்னார் மகன்னு ஒரு வரி. நான் கொட்டேஷன் எழுதுவேன், இதை எழுதத் தெரியல. நீ எழுது."

"எழுதறேன்ணா."

"சும்மா கேளு. ரொம்ப வேணாம். தயவுசெஞ்சுன்னு ஒரு வார்த்தை போடு. இன்னைக்கே அனுப்புவியா?"

"இன்னைக்கே அனுப்பறேன்."

இனி எழுதப்போவதை அவர் இருந்தபோது நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு எழுத வரும் என்று ஒரு நினைப்பு உண்டு. இங்குள்ள சங்கத்தின் பொங்கல் மலருக்கு ஆறு வருஷமாக நான்தான் ஆசிரியை. அன்று சாயங்காலம் உட்கார்ந்து அவர் சொன்னபடி இரண்டு வரி எழுதினேன். படித்துப் பார்த்தால் மொட்டையாக இருந்தது. கையில் இப்படி ஒரு கல் இருக்கிறது, பெயர்களெல்லாம் போய் மகன் என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சிய கல், அதைக் கண்டெடுத்தவரே இந்த மனிதர். இதை விட்டுவிட்டுக் கடிதம் எழுதுவதா என்று தோன்றியது. கல்லிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு பக்கம் ஆனது, ஒன்றரைப் பக்கம் ஆனது. படித்தால் எனக்கே கண் கலங்கியது. அந்தச் சொல்லை இங்கிலீஷில் எப்படி எழுதுவது, அதற்கு மகன் என்றே பொருளா, மகனுடைய என்றா என்று சந்தேகம் வந்தது. தப்பாக எழுதிவிடக் கூடாதே என்று பேராசிரியருக்கு மெயில் போட்டுக் கேட்டேன். பதில் வரட்டும், சேர்த்து அனுப்பலாம் என்று கடிதத்தை அப்படியே வைத்தேன்.

மறுநாள் காலை அவர் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டார். "அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்ணா."

எழுதி முடித்தாகிவிட்டது, அனுப்பின மாதிரிதானே என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை. தினமும் வேலைக்கு வந்ததும் பூட்ஸைக் கட்டிக்கொண்டே ஒருமுறை சமையலறை ஜன்னலைப் பார்ப்பார். இன்னும் பதில் வரவில்லை என்று நான் தலையாட்டுவேன். அவர் மண்வெட்டியை எடுப்பார்.

பேராசிரியர் வெளியூரில் இருந்தார். என் கணவர் மட்டும் ஒருநாள், "ரெண்டு வரி கேக்கற லெட்டருக்கு எதுக்கு இவ்வளவு ஜோடனை? அனுப்பித் தொலையேன்" என்றார். உங்களுக்கு இதெல்லாம் புரியாது என்றேன். ஒன்பது நாள் கழித்து, புதன்கிழமை, பேராசிரியரிடமிருந்து பதில் வந்தது. நான் எழுதியிருந்தது சரிதானாம். ஓர் எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அன்று மத்தியானமே கடிதத்தை மெயிலில் அனுப்பினேன். அனுப்பும் முன் மறுபடியும் ஒருமுறை படித்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை மருமகளின் பதில் வந்திருந்தது. அவர் வருவதற்குள் நான்கு முறை படித்துவிட்டேன். அவர் பெயரை இந்தக் கட்டுரையில் நான் எங்கேயும் எழுதவில்லை. அது இருந்திருக்க வேண்டிய ஓர் இடத்தில் இல்லாமல் போக நான் காரணம். வேறோர் இடத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை.

அவர் உள்ளே வந்து மேஜை ஓரத்தில் நின்றார். என் முகத்தைப் பார்த்தே கேட்டார். "வந்துடுச்சா?"

"வந்திருக்குண்ணா. தகடு வார்த்து முடிச்சிட்டாங்களாம். இனிமே மாத்த முடியாதாம். ரொம்ப வருத்தப்பட்டு எழுதியிருக்கா. உங்களைக் கண்டிப்பா வரச் சொல்றா."

"என்ன எழுதியிருக்கா? காட்டு."

"அதாண்ணா, நான் சொன்னதுதான்."

"காட்டு, படிக்கிறேன்."

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். வேறு வழி இல்லை. கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துப் படித்தார். அவள் எழுதியிருந்தது இதுதான். அவன் கடைசிவரை உங்களுக்கு ஃபோன் செய்வதை நிறுத்தவில்லை. தகட்டில் உங்கள் பெயரைப் போட எனக்கு ஆசை, ஆனால் நீங்கள் விரும்புவீர்களா என்று தெரியவில்லை, கேட்கவும் பயமாக இருந்தது. அதனால் அவன் பெயருக்குக் கீழே உங்களுக்காக ஒரு வரி காலியாக விடச் சொல்லியிருந்தேன். போன வெள்ளிக்கிழமைவரை பொறுக்கிறோம் என்றார்கள். உங்களிடமிருந்து எதுவும் வராததால், வேண்டாம்போலிருக்கிறது என்று நினைத்து, அந்த இடத்தை மூடிவிடச் சொன்னேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவர் அங்கே நிறுத்தவில்லை. அதற்குக் கீழே என் கடிதம் இருந்தது. அதையும் படித்தார். கல்லையும் ஓகத்தையும் ஆயிரத்துச் சொச்சம் வருஷத்தையும் அவர் விரல் தாண்டி வர ரொம்ப நேரம் ஆனது. கடைசி வரியில்தான் அவர் கேட்கச் சொன்னது இருந்தது. பிறகு விரல் மேலே போய், கடிதத்தின் தலைப்பில் இருந்த கிழமையில் நின்றது.

"புதன்" என்றார்.

அண்ணா என்று ஆரம்பித்திருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம்.

கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா எழுதியிருக்கே தங்கச்சி" என்றார். குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். நிஜமாகவே சொன்னார்.

கதவுவரை போனவர் திரும்பி நின்றார்.

"அவ காலி விட்டிருந்தாளே, அந்த வரி. தகட்டுல அது எவ்வளவு பெருசு இருந்திருக்கும்?" கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார். "இவ்வளவு?"

"இருந்திருக்கும்ணா."

விரித்த விரல்களைப் பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் நெருக்கிப் பிடித்தார்.

"என் பேரு சின்னப் பேருதான். இதிலேயே அடங்கியிருக்கும்" என்றார்.